சத்தம் போட்டுப் படித்த வட்டாரம்

பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது கொண்டித்தோப்பு. 1806இல் பேசில் காக்ரேன் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாயின் படகுத்துறைதான் பேசின் பிரிட்ஜுக்குப் பெயர் தந்தது. விறகும் உப்பும் அங்கே படகில் வந்து இறங்கின. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பெரம்பூரில் ரயில்வே பட்டறை வந்தது. பிறகு பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும், மின்நிலையமும் வந்தன. உழைப்பாளிகளின் இடம் என்றே வரலாற்று நூல்கள் இந்தப் பகுதியை எழுதிவைத்திருக்கின்றன. ஆனால் கொண்டித்தோப்பு வெங்கட்ராமர் தெருவில்தான் பி. இரத்தின நாயகர் அன்ட் ஸன்ஸ் தங்கள் திருமகள் விலாச அச்சகத்தில் ‘பெரிய எழுத்து’ நூல்களை அச்சடித்துத் தமிழ்நாடு முழுக்க அனுப்பினார்கள். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, நல்லதங்காள், அல்லியரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை என்று லட்சக்கணக்கானவர்கள் ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்த புத்தகங்கள் வெளியான முகவரிகளில் இது முக்கியமானது. தமிழில் தீராத வாசிப்புப் பழக்கம் என்ற ஒன்றை வளர்த்ததில் பள்ளிக்கூடத்துக்கும் பொதுநூலகத்துக்கும் முன்னால் நிற்பவை இந்த அச்சகங்களும், வாங்கியவர்கள் அவற்றைக் கூட்டமாக உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்த வழக்கமும்தான் என்பது என் துணிபு.

அதற்கு முதல் சாட்சி அந்தப் புத்தகமே. மலிவான தாளில் அட்டை. அதில் கதையின் ஒரு கட்டத்தைக் காட்டும் சித்திரம். உள்ளே எழுத்துகள், பெயருக்கேற்றபடி, சாதாரண நூலைவிடப் பெரியவை. தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டுகிறவருக்கும், மங்கிய விளக்கில் படிக்கிறவருக்கும், கண் மங்கிய கிழவருக்கும் இந்த அளவு தேவைப்பட்டது. அம்மானை நடையில் போகும் கதைகளில் ஒரே பெயரும் ஒரே வர்ணனையும் மறுபடி மறுபடி வரும். கண்ணால் மட்டும் ஓட்டிப் படிக்கிறவருக்கு அது சலிப்பு. காதால் கேட்கிறவருக்கு அதுவே கதையை விடாமல் பிடித்துக்கொள்ளும் கயிறு. பூங்கா நகரையொட்டிய குஜிலிக் கடைத்தெருவில் விற்ற எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகங்களில் இது இன்னும் வெளிப்படை. காலணா, அரையணா விலையுள்ள அந்தச் சிறு புத்தகங்களில் பாட்டின் தலைப்பிலேயே இன்ன பாட்டின் மெட்டு என்று போட்டிருக்கும். வாங்கியவர் அந்த இடத்திலேயே பாடிவிடலாம். வெள்ளம், புயல், ரயில் விபத்து, கொலை வழக்கு, விலைவாசி, வேலைநிறுத்தம் என்று ஊரில் நடந்ததெல்லாம் சிந்தாகவும் கும்மியாகவும் அச்சேறி, தெருமுனையில் பாடியே விற்கப்பட்டன. ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றை ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டுத் தொகுத்து ஆராய்ந்த பிறகுதான் படித்தவர்களின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது.

ஏன் இங்கே வாசிப்பு திண்ணைக்கும் முச்சந்திக்கும் வந்தது என்பதற்கு வேலையின் தன்மையிலும் விடை இருக்கிறது. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்து ஒருவரை நியமித்து, வேலை நேரத்தில் நாளிதழும் நாவலும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களும் ஒருவரைப் பத்திரிகை படிக்கவைத்து, அவர் பங்கு இலைகளைத் தாங்களே சுற்றிக் கொடுத்தார்கள். சுருட்டும் பீடியும் கைவேலை, சத்தம் கிடையாது. பெரம்பூர் ஆலைகளின் தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ரயில்வே பட்டறையிலும் அப்படித்தான். 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலையில் ஆண்களின் வேலைக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்றுதான் வரம்பு கட்டியது. 1922இல் அது 11 மணியாகவும் வாரத்துக்கு 60 மணியாகவும் குறைந்தது. ஆகவே படிப்பதும் கேட்பதும் ஆலைக்கு வெளியே, இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் நடக்க முடியும். அந்தக் கொஞ்ச நேரத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்தால் பத்துப் பேருக்குப் போய்ச் சேரும் என்பது சிக்கனமும்கூட.

பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திய வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பக்திச் சொற்பொழிவுக்காக ஏற்பட்ட சபை அது. ஆலைத் தொழிலாளர்கள் புராணம் கேட்க அங்கே வந்தார்கள். கேட்டு முடித்தபின் தங்கள் கஷ்டத்தையும் சொன்னார்கள். ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்த திரு.வி.க. அந்தச் சபையின் வழியாகத்தான் அவர்களிடம் வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதற்கு அடியில் கூடிக் கேட்கும் பழக்கம் ஒன்று ஏற்கெனவே இருந்தது என்பதைச் சொல்வதில்லை. அதே சமயம், படிப்பு என்றால் அரசியலுக்கு ஏணி என்று இதைச் சுருக்கிவிடவும் கூடாது. வேலைநிறுத்தச் சிந்தை வாங்கியவர்தான் அல்லியின் கதையையும் வாங்கினார். ஆண்களை ஆட்டிப்படைக்கும் அரசியின் கதையில் வீட்டுப் பெண்களுக்கும் ரசம் இருந்தது. படிக்கும் சுகத்துக்காகவே படித்தவர்கள் இவர்கள்.

இந்த வாசிப்புக் கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்திருந்தன என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. திண்ணைக்கு ஜாதி இருந்தது. 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களுக்கும் மற்றவர்களுக்கும் மூண்ட கலவரம், ஒரே ஆலையில் வேலை செய்தவர்களுக்கு நடுவில் எவ்வளவு பெரிய சுவர் இருந்தது என்பதைக் காட்டியது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று வாசிப்பை வேறு இடத்தில் கட்டினார்கள். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழின் பெயரே அதன் விலை. ராயப்பேட்டையில் அச்சான அது கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் வரை போய்ச் சேர்ந்து, பௌத்த சங்கங்களில் படித்து விவாதிக்கப்பட்டது.

1911 கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுத்தறிந்தவர்கள் இல்லையே, பிறகு என்ன வாசகர்கள் என்று கேட்கலாம். மறுக்க முடியாத கணக்குதான். ஆனால் எழுத்தறிந்தவர்களை மட்டும் நம்பியிருந்தால் பெரிய எழுத்து நூல்கள் இத்தனை பதிப்புகள் கண்டிருக்குமா, இத்தனை பதிப்பாளர்கள் இந்தத் தொழிலில் பிழைத்திருப்பார்களா? கேட்பது எப்படி வாசிப்பாகும் என்ற அடுத்த கேள்வி இன்னும் கனமானது. நல்ல வாசகரின் பழக்கங்கள் என்று நாம் எவற்றைச் சொல்கிறோம்? பிடித்ததைத் திரும்பப் படிப்பது, மனப்பாடமாக வைத்திருப்பது, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது, ஒரு கதையை இன்னொன்றோடு ஒப்பிடுவது, அடுத்த புத்தகத்துக்கு ஏங்குவது. கூட்டத்தில் உட்கார்ந்த எழுத்தறியாதவர் இவை எல்லாவற்றையும் செய்தார். ஒரு வரியை விட்டுப் படித்தால், படிக்கிறவரைத் திருத்தும் அளவுக்குக் கதையை அறிந்திருந்தார். தனியே, வாய் திறக்காமல் படிப்பது நாவல்களோடு பரவிய பழக்கம். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் வாசகர்களை மயக்கிய காலத்தில்தான் அது வேரூன்றியது. நூறாண்டு வயதுள்ள ஒரு முறையை வாசிப்பின் ஒரே இலக்கணமாக வைத்துக்கொண்டு அதற்கு முந்தியவர்களை வாசகர் கணக்கிலிருந்து தள்ளுவது நியாயமில்லை.

அந்த நூல்கள் தரம் குறைந்தவை என்ற குறையும் உண்டு. பிழைகள் மலிந்தவை, சில பாட்டுகள் அவசரத்தில் கட்டியவை என்பது சரிதான். ஆயினும் பாரதக் கிளைக்கதைகளையும் தெருக்கூத்துப் பாடல்களையும் அச்சில் காப்பாற்றியவை அவையே. தேர்ந்த வாசகர்களாகப் பிறகு பெயரெடுத்த பலருக்கும் படிப்பில் ருசி தட்டியது விக்கிரமாதித்தனும் வேதாளமும் நடந்த பாதையில்தான்.

பிற்பாடு கட்சிப் படிப்பகங்களும் டீக்கடைகளும் இந்த மரபை எடுத்துக்கொண்டன. நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தவர்கள் வாதாடினார்கள். 1900 வாக்கில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் எழுந்த மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் ஏழை வாசகருக்கும் அலமாரி வைக்கும் ஆசையைக் கொடுத்தன. 1985இல் அது எரிந்தது. பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையும் 1996இல் மூடப்பட்டது. இதற்கிடையில் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம், எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பால், வீட்டுவரியோடு நூலக வரியையும் சேர்த்துத் தெருத்தெருவாக நூலகம் வர வழி செய்தது. பெரிய கொடை அது. ஆனால் நூலகம் கேட்ட முதல் நிபந்தனை அமைதி. இந்த வட்டாரத்தின் பழைய வாசகருக்கு அது பழகாத ஒன்று. வியாசர்பாடி, பெரம்பூர், வண்ணாரப்பேட்டைக் கிளை நூலகங்களில் வாரத்தில் ஒரு மாலையாவது சத்தம் போட்டுப் படிக்க ஓர் அறையை ஒதுக்க வேண்டும். பெரிய எழுத்து நூல்களை அங்கே வாங்கிவைக்க வேண்டும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டுப் பரணில் தாத்தா பாட்டி காலத்துப் பாட்டுப் புத்தகமோ பெரிய எழுத்துக் கதையோ கிடந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுங்கள்.