ஸ்கூட்டர்: ஸ்டார்ட் ஆகாமையும் ஓட்டத்தில் நின்றுபோதலும்

கியர் இல்லாத சிறு ஸ்கூட்டர்களில் அடிக்கடி வரும் கோளாறுகள் இரண்டு. ஒன்று, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது. மற்றது, ஸ்டார்ட் ஆனபின் ஐடிலிங்கிலோ ஓட்டத்திலோ தானாக ஆஃப் ஆவது. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே. பெட்ரோல் எஞ்சின் ஓட அளவான பெட்ரோல்-காற்றுக் கலவை, உரிய நேரத்தில் தீப்பொறி, கலவையை அழுத்தும் கம்ப்ரஷன் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றில் எது குறைந்தது என்பதை, வண்டி எப்போது, எப்படி நிற்கிறது என்ற விவரமே பாதிக்குமேல் சொல்லிவிடும். அந்த விவரத்தைக் கேளாமல் பிளக், காயில், கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றுவது வீண்செலவு.

இந்தியாவில் 1980களில் வந்த கைனடிக் ஹோண்டாவும், பின்னர் டிவிஎஸ் ஸ்கூட்டியும், 2001 முதல் ஹோண்டா ஆக்டிவாவும் இவ்வகை வண்டியை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. பெல்ட்டும், வேகம் கூடினால் மட்டுமே பிடிக்கும் கிளட்சும் இவற்றின் பொது அமைப்பு. எஞ்சின் ஓடாதபோது சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இராது. எனவே கியர் உள்ள பழைய பஜாஜ் சேத்தக்கைப்போல இவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் கார்புரேட்டர் மறைந்து இன்ஜெக்‌ஷன் இடம்பிடித்தது. பழைய வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுவதால் இரண்டையும் அறிய வேண்டியிருக்கிறது.

செல்ஃப் எடுக்காதபோது

பட்டனை அழுத்தியும் எஞ்சின் சுற்றவில்லை, ஆனால் கிக்கரில் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால் எஞ்சினில் குறையில்லை. முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியையும் அதன் வயர்களையும். பிரேக்கைப் பிடிக்காவிட்டால் செல்ஃப் வேலை செய்யாதபடிதான் பெரும்பாலான வண்டிகள் அமைந்துள்ளன. அதனால் பிரேக் பிடியின் அடியிலுள்ள சின்ன சுவிட்ச் கெட்டாலும் செல்ஃப் எடுக்காது. பிரேக் பிடிக்கையில் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே இது ஓரளவு புலப்படும். புதிய மாடல்களில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

பட்டனை அழுத்தும்போது ‘டிக் டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தால் பேட்டரி டவுன், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்துத் தொடர்பு தளர்ந்திருக்கிறது. ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். எஞ்சின் வேகமாக ஓடும்போது 13.5 வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜிங்கில் கோளாறு. புதுப் பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். பட்டனுக்கு எந்த ஓசையும் இல்லை, ஹாரனும் அடிக்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும்.

சுற்றியும் பற்றாதபோது

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்த கையோடு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்ல தொடக்கம். முனை ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை. அல்லது வருவது மிகுதி. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கரிபடிந்து கறுத்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் விலகாமல் நின்றிருக்கலாம். வெளிர்பழுப்பு நிறமே நலத்தின் அறிகுறி.

தீப்பொறியைச் சோதிக்க, பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கிக்கரை அடிக்கலாம். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும் என்பதால் துளையை மூடி, பிளக்கைத் தள்ளியே வைக்க வேண்டும். நீலமாகப் பளிச்சென்று தெறித்தால் சரி. மஞ்சளாக மங்கித் தெறித்தால் பிளக், கேப், காயில் என்ற வரிசையில் சந்தேகிக்கலாம். பிளக் இடைவெளி மாடலுக்கேற்ப 0.6 முதல் 0.9 மி.மீ. வரை இருக்கும்.

பெட்ரோல் வருகிறதா என்று பார்க்கக் குழாயைக் கழற்றி, ஒன்றும் ஒழுகவில்லை என்று கண்டு டேங்கையே இறக்கிவிடுவோர் உண்டு. பல ஸ்கூட்டர்களில் பெட்ரோல் காக் எஞ்சினின் உறிஞ்சலால்தான் திறக்கும். எஞ்சின் சுற்றாதபோது ஒழுகாமலிருப்பதே அதன் இயல்பு. அதற்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு கிழிந்தால் நிலைமை தலைகீழாகும். உறிஞ்சல் குழாய் வழியே பெட்ரோல் நேராக எஞ்சினுக்குள் போய் ஓவர்ஃப்ளோ ஆகும். அப்போது ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு சில தடவை சுற்ற வைத்தால் மிகுதிப் பெட்ரோல் வெளியேறும்.

ஓடிக்கொண்டிருந்து நின்றால்

ஆக்சிலேட்டரைத் திருகினால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்பது கார்புரேட்டர் வண்டிகளில் மிகப் பொதுவான புகார். காரணம் பெரும்பாலும், ஐடிலிங்கில் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் அடைப்பு. இதன் துளை அரை மில்லிமீட்டரும் இராது; நின்றுபோன பெட்ரோலின் பசையே போதும் அடைக்க. கிளீனர் தெளித்துக் காற்றடித்துத்தான் திறக்க வேண்டும். கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி அளவு கெடும். அடைப்பை எடுக்காமல் ஐடிலிங் ஸ்குரூவை ஏற்றிவிடுவது ஆபத்தான குறுக்குவழி. வேகம் கூடியவுடன் கிளட்ச் பிடித்து, ஸ்டார்ட் செய்த கணமே வண்டி முன்னே பாயும்.

ஜெட் சுத்தமாக இருந்தும் இதே கோளாறு தொடர்ந்தால், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரை வளைத்துப் பார்க்க வேண்டும். அதில் வெடிப்பு இருந்தால் அளவில்லாத காற்று நுழைந்து கலவை நீர்த்துப்போகும்.

சிக்னலில் பிரேக் பிடித்து நிற்கும்போது மட்டும் ஆஃப் ஆகும் வண்டியில் கிளட்சையும் பார்க்க வேண்டும். அதன் ஸ்பிரிங் அறுந்திருந்தால் ஷூ விலகாமல், நிற்கும் சக்கரம் எஞ்சினையும் சேர்த்து நிறுத்திவிடும்.

சில கிலோமீட்டர் நன்றாக ஓடி, திணறி நின்று, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடும் வண்டிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறதா? போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அப்படியில்லாமல் சூடானபின் தீப்பொறியே வராமல் போய், ஆறியதும் வருமானால் காயிலோ, தீப்பொறிக்கு நேரம் காட்டும் பல்சர் காயிலோ வெப்பத்தில் தொடர்பு அறுகிறது. குளிர்ந்த நிலையில் சோதித்தால் இது பிடிபடாது.

டேப்பட் பற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்றுண்டு: சத்தம் போட்டால்தான் பழுது என்பது. சத்தமின்றி இறுகிப்போவதே பெருங்கேடு. ஓட ஓட வால்வு அமரும் இடம் தேய்ந்து, வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கும். சூட்டில் அது முற்றிலும் மறைந்தால் வால்வு முழுமையாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். சூடான எஞ்சின் ஐடிலிங்கில் நிற்பதும், உடனே ஸ்டார்ட் ஆக மறுப்பதும் இதனால்தான். எஞ்சின் நன்கு ஆறியபின் ஃபீலர் கேஜ் வைத்து, கையேடு சொல்லும் அளவுக்குச் சரிசெய்ய வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகள்

சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். அது பெட்ரோல் பம்ப். கேட்காவிட்டால் ஃபியூஸ், பேட்டரி, பம்ப் ஆகியவற்றைப் பார்க்கலாம். பேட்டரி அடியோடு இறங்கினால் பல மாடல்களில் கிக்கரும் பயன்படாது, ஏனெனில் பம்புக்கும் கணினிப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். சோதனைக் கருவி இல்லாமலே, எஞ்சின் விளக்கு எத்தனை முறை கண்சிமிட்டுகிறது என்று எண்ணிக் கோளாறை அறியும் வசதி பல வண்டிகளில் உள்ளது. ஐடிலிங் தடுமாறினால் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்துப் பார்ப்பது முதல் வேலை. வயர்களை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நீண்டநாள் நின்றவையும் நீரில் மூழ்கியவையும்

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவு மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போவதும் அடியிலிருப்பதுதான். பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று வைத்தால் அந்தக் கலவை அடியில் தனி அடுக்காகத் தெரியும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர்க் கிண்ணத்தின் வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி வடித்துவிடுவது நல்லது.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எண்ணற்ற ஸ்கூட்டர்கள் மூழ்கின. அத்தகைய வண்டியைச் சோதித்துப் பார்ப்பதற்காகக்கூடச் செல்ஃப் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் பேட்டரித் தொடர்பைக் கழற்றி, பிளக்கை எடுத்து, கிக்கரை மெல்ல அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். கிக்கர் இல்லாத வண்டியைப் பட்டறைக்கு ஏற்றிச் செல்வதே சரி. எஞ்சின் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஏர் ஃபில்டர், டேங்கிலுள்ள பெட்ரோல் எல்லாவற்றையும் மாற்றி, பெல்ட் அறையையும் வயர் இணைப்புகளையும் உலர்த்தியபின்பே ஸ்டார்ட் செய்யலாம். சிறிது தூரம் ஓட்டியபின் எஞ்சின் ஆயிலை மறுமுறையும் மாற்ற வேண்டும்.