அசிட்டைல்சிஸ்டீன்

பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் காக்கும் முறிமருந்து. பாரசிட்டமால் அளவு மிகுந்தால் கல்லீரலில் ஒரு நச்சுப்பொருளாக மாறிக் குவிகிறது. அதை முறிக்கும் குளுட்டாதயோன் தீர்ந்ததும் செல்கள் மடியத் தொடங்கும். முதல் நாள் குமட்டலோடு சரி. ஆள் தெளிவாகவே இருப்பார், ஏமாற்றுவது அதுதான். இம்மருந்து குளுட்டாதயோனை மீண்டும் உருவாக்க உதவுகிறது. 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பும். தாமதமாக வந்தவருக்கும் கொடுப்பதுண்டு. வழக்கமான முறையில், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 150, 50, 100 மில்லிகிராம் என மூன்று தவணைகளாக, ஏறக்குறைய 21 மணி நேரம் டிரிப்ஸில் ஏறும். மருந்துக்குப்பியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. தமிழக மருத்துவமனைகளில் எலிப் பசையின் மஞ்சள் பாஸ்பரஸ் நஞ்சுக்கும் இதைத் தருகிறார்கள். அங்கே பலன் இவ்வளவு உறுதியில்லை.