ஊசி எழுதிய வரலாறு

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன எவை? முடிசூடிய மன்னர்கள், முற்றுகையிடப்பட்ட கோட்டைகள், கல்வெட்டுகள், செப்பேடுகள்! ஏடும் எழுத்தாணியும் மறுக்கப்பட்ட பெண்ணினம் தன் வரலாற்றை எதிலே எழுதிற்று? துணியிலே எழுதிற்று; ஊசியால் எழுதிற்று!

வங்கத்திலே காந்தா என்றொரு துணி உண்டு. நைந்த புடவைகளை அடுக்கி விரித்து, கரையிலிருந்து உருவிய நூலால் தைப்பார்கள். பெண் எழுத்தறிவதே பழி என்றிருந்த நாடு அது. 1876 இல் தன்வரலாறு வெளியிட்ட ராசசுந்தரி தேவி, படிப்பதையே மறைத்துப் படித்தவர். அதே நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி தம் தந்தைக்கென ஒரு காந்தா தைத்தார். உருவங்களைத் தைத்ததோடு அவர் நிறுத்தவில்லை; இன்னார் தைத்தது என்று தம் பெயரையும் நூலாலே பொறித்தார். குருசதய் தத் (1882–1941) திரட்டிய கலைச்செல்வங்களுள் அதுவும் ஒன்று.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1830 ஐ ஒட்டி, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வீட்டுவேலை செய்த எலிசபெத் பார்க்கர், தமக்கு எழுத வராது என்று தொடங்கி, தாம் பட்ட கொடுமைகளையெல்லாம் சிவப்புப் பட்டு நூலால் எழுத்தெழுத்தாகத் தைத்தார். வாசகம் பாதியிலே நின்றுவிடுகிறது. வாழ்க்கையோ நிற்கவில்லை, பின்னாளில் அவர் ஆசிரியையானார்!

நம் கோவில்பட்டிக் கரிசற்காட்டுக்கு வருவோம். 1901 இல் இங்கே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், கருங்கண்ணிப் பருத்தி வகைகளுக்குக் கே 7, கே 11 என்று பெயரிட்டுப் பதிந்தது. விதைக்குப் பெயருண்டு, எண்ணுண்டு. வெயிலிலே குனிந்து அப்பருத்தியை எடுத்த பெண்ணுக்கு? என் ஆச்சியும் பருத்தி எடுத்தவரே. அவருடைய பழஞ்சேலைதான் எனக்குத் தொட்டில். பத்திரத்திலே அவர் விட்டுச்சென்றதோ பெயரன்று, பெருவிரல் ரேகை!

"பெண்ணுக்கு ஊசி போதும், எழுத்து எதற்கு?" என்றார்கள். அந்த ஊசியையே எழுதுகோலாக்கிய பெண்களை நாம் போற்றலாம். ஆனால், எழுத்தை மறுத்த கொடுமையைக் கலையின் அழகு காட்டி மறைத்துவிடலாகாது.

வகுப்பிலே மாணவியரிடம், "உங்கள் ஆச்சியின் பெயர் என்ன?" என்று கேட்டேன். பலர் விழித்தனர். 'ஆச்சி' என்பதற்கு மேல் அவர்கள் அறியார். "கேட்டு எழுதி வாருங்கள்" என்றேன். மறுநாள் ஒவ்வொரு ஏட்டிலும் ஒரு பெயர் இருந்தது. கரிசற்காட்டின் வரலாற்றுக்கு அதுவே முதற்பக்கம்!