துணைப்படைத் திட்டம் (ஐதராபாத்)

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஐதராபாத்தை ஆண்ட நிஜாமின் மண்ணில் தங்கும்; சம்பளத்தை நிஜாம் கட்டுவார். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி வகுத்த இத்திட்டத்துக்கு முதலில் உட்பட்டவர் நிஜாம் அலிகான். 1795இல் கர்தா போரில் அவர் மராத்தியரிடம் தோற்றபோது கம்பெனி நடுநிலை பேசி ஒதுங்கிக்கொண்டது. அப்படியும் 1798 செப்டம்பரில் ஆறு பட்டாளங்களுக்காக ஆண்டுக்கு 24,17,100 ரூபாய் தர ஒப்புக்கொண்டார். அவர் நம்பியிருந்த, பிரெஞ்சுக்காரர் ரேமோன் வளர்த்த படையின் ஆயுதங்கள் அக்டோபரில் பறிக்கப்பட்டன.

1800 உடன்படிக்கையில் ரூபாய்க்குப் பதில் நிலமே போயிற்று. பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர்ப் பகுதிகள் கம்பெனி வசமாயின. கவனிக்க வேண்டியவை அந்த உடன்படிக்கையின் இரண்டு விதிகள். நிஜாமின் குடிமக்கள் விஷயத்தில் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை, அவர்கள் மீது அவருக்கே முழு அதிகாரம் என்கிறது ஒன்று. சுரப்பூர், கத்வால் ஜமீன்தார்களோ வேறு குடிகளோ வரி கட்ட மறுத்தாலும் கலகம் செய்தாலும் துணைப்படை வந்து அடக்கும் என்கிறது மற்றொன்று. குடிகளுக்கு நீதி கேட்கச் சம்பந்தமில்லாத படைக்கு, அவர்களைச் சுடச் சம்பந்தம் இருந்தது.

பின்னர் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் ஹென்றி ரஸ்ஸல் காலத்தில், உடன்படிக்கையில் இல்லாத இன்னொரு படையும் நிஜாம் தலையில் ஏறியது. நிஜாமின் அமைச்சர் சந்துலால், பாமர் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்திடம் கடும் வட்டிக்குக் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தார். பாக்கி பெருகி, 1853இல் பருத்தி விளையும் பேரார் பகுதி கம்பெனியிடம் கைமாறியது. 1857 ஜூலையில் துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் ஐதராபாத்தின் கோட்டி பகுதியிலிருந்த ரெசிடென்சியைத் தாக்கியபோது திவான் சாலார் ஜங் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். 1902இல் வைசிராய் கர்சன், ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய் என்று பேசி, பேராரை நிரந்தரக் குத்தகையாக்கினார். பின்வந்த நிஜாம் உஸ்மான் அலிகான் அதைத் திருப்பிக் கேட்டு, தாம் பிரிட்டனுக்கு நிகரான கூட்டாளி என்று வாதிட்டார். வைசிராய் ரீடிங் 1926இல் எழுதிய கடிதம் அந்த வாதத்தை அடியோடு மறுத்தது.

1947இல் பிரிட்டன் வெளியேறியது. ஒன்றரை நூற்றாண்டு விலை கொடுத்த பாதுகாப்பும் அத்தோடு போயிற்று. இந்தியாவுடன் சேர மறுத்த நிஜாம் ஆட்சி, ரஜாக்கர்கள் என்ற ஆயுதத் தொண்டர்படையை நம்பியது. அவர்களின் வன்முறைக்கு ஊர்கள் பல இரையாயின. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐந்தே நாளில் ஐதராபாத்தை வென்றது. அந்நடவடிக்கையின்போதும் அதன் பின்னும் மாண்டவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று இந்திய அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு மதிப்பிட்டது. அக்குழுவின் அறிக்கையை அரசு பல பத்தாண்டுகள் வெளியிடவில்லை.