வளர்த்த மீனும் திருட்டு மீனும்

1879-ல் சென்னை மாகாண அரசு நீலகிரி மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டது. வேட்டை விலங்குகளையும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்களையும் காப்பதற்கான சட்டம். அந்த ஆண்டின் இரண்டாம் எண் சட்டம் அது. அதன் முகப்புரை மூன்று செயல்களைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்கிறது: கொல்வது, பிடிப்பது, விற்பது. முதல் இரண்டையும் படிப்பவர்கள் அக்காலத்திலேயே இயற்கைப் பாதுகாப்பு பேசியிருக்கிறார்கள் என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாம் மூன்றாவதில் நின்று பார்க்க வேண்டும். மீனைக் காப்பாற்றத்தான் சட்டம் என்றால் பிடிக்காதே என்று சொன்னால் போதும். விற்காதே என்பது யாருக்குச் சொல்லப்பட்டது?

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிற துரை மீனை விற்பதில்லை. படம் எடுத்துக்கொள்வார், சமைக்கச் சொல்வார், நண்பருக்கு அனுப்புவார். சந்தைக்குக் கொண்டுபோகிறவன் அதை விற்று அரிசி வாங்க வேண்டியவன். ஆகவே விற்பனைத் தடை இருவர் மேலும் ஒரே மாதிரி விழுவதுபோலத் தோன்றினாலும் ஒருவன் மேல்தான் விழும்.

இந்தத் தந்திரம் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. இங்கிலாந்தில் 1671-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு நூறு பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் போன்ற தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே வேட்டை உரிமை கொடுத்தது. 1755-ல் வேட்டைப் பறவைகளையும் முயலையும் யாருமே விற்கக் கூடாது என்று முழுத் தடை வந்தது. உரிமத்தோடு விற்கலாம் என்று அதைத் தளர்த்த 1831 வரை ஆனது. இடையில் 1723-ல் வந்த கருப்புச் சட்டத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டைக்குப் போன ஏழைகளை ஒடுக்க வந்த சட்டம் அது. மீன் வளர்க்கும் குளத்தின் கரையை உடைத்து மீன் வெளியேறச் செய்தவனுக்கும் அதில் மரண தண்டனை இருந்தது. சொந்த நாட்டுக் கூலிக்காரனைக் குளத்து மீனுக்காகத் தூக்கிலிடத் துணிந்த வர்க்கத்தின் பேரப்பிள்ளைகள்தான் ஊட்டிக்கு வந்தார்கள்.

நீலகிரி மேட்டு ஓடைகளில் அவர்கள் எதிர்பார்த்த பெரிய மீன் இல்லை. தூண்டிலோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டும் மீன் வேண்டும் அவர்களுக்கு. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1877-ல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது. இரண்டே ஆண்டில் சட்டமும் வந்துவிட்டது. டிரவுட் மீன் மலையில் நிலைத்தது 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான். ஹெச்.சி. வில்சன் முயற்சியில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகு. அதாவது, மீன் வருவதற்கு முன்பே அதன் காவலுக்குச் சட்டம் தயாராக இருந்தது. அரசுப் பொரிப்பகத்தில் முட்டை பொரித்து, குஞ்சு வளர்த்து, ஓடையில் விட்டு, அனுமதிச் சீட்டு வாங்கியவர் மட்டும் பிடிக்கலாம் என்ற ஏற்பாடு. மீன் வளர்த்தது பொதுப்பணம். பிடிக்கும் உரிமை சீட்டு வாங்க வசதி உள்ளவருக்கு.

இனப்பெருக்கக் காலத்தில் மீன் பிடிக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நம் கேள்வி அந்த நியாயத்தின் பெயரால் யார் குற்றவாளி ஆக்கப்பட்டார் என்பது. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காடுகளில் விதிக்கு மாறாக வேட்டையாடுவது, மீன் பிடிப்பது, கண்ணி வைப்பது எல்லாவற்றையும் ஒரே வரியில் குற்றமாக்கியது. இதே டே பின்னர் இந்திய மீன்வளத்துக்கே தலைமை ஆய்வாளர் ஆகி, நன்னீர் மீன்கள் பற்றி 1873-ல் அறிக்கை கொடுத்தார். மீன் அழிவதற்குக் காரணமாக அவர் கண்ணில் பட்டவை சிறுகண் வலை, வயல் மடையில் வைக்கும் பொறி, குஞ்சு மீன் பிடித்தல். நம் பாட்டிகள் மடைவாயில் கூடை வைத்து அயிரை பிடித்தது அறிக்கையில் நாசவேலை ஆகிவிட்டது.

1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் அடுத்த படி. வெடி வைத்து மீன் பிடிப்பதையும் நீரில் நஞ்சு கலந்து பிடிப்பதையும் அது தண்டித்தது. இதிலும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் *நோக்கத்தோடு* நஞ்சு கலந்தால்தான் குற்றம். மலைக்குடிகள் காய், பட்டையை இடித்துக் குட்டையில் போட்டால் நோக்கம் தெளிவு, கேஸ் நிற்கும். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து மீனே இல்லாமல் போனால்? மீன் பிடிப்பது முதலாளியின் நோக்கமல்லவே. பாலாறு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1996 ஆனது. அதற்குள் அந்தத் தோல் பதனிடும் வேலையையும் நாம்தான் செய்துகொண்டிருந்தோம், அந்தத் தண்ணீரையும் நாம்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

மலையில் நடந்தது மலையோடு நிற்கவில்லை. கண்மாய்க்கு வருவோம். கோடையில் நீர் வற்றியதும் ஊர் கூடி இறங்கி ஊத்தாவும் கச்சாவும் வைத்து மீன் பிடிக்கும் அழிகண் வழக்கம் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் இருக்கிறது. மீன்பிடித் திருவிழா என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. இதுவும் விற்பனைத் தடைதான். ஆனால் ஒருவனே அள்ளிக்கொண்டு போய்விடாமல் எல்லா வீட்டு அடுப்பிலும் மீன் வேக வேண்டும் என்பதற்காக வந்த தடை. அந்தத் திருவிழாவிலும் சேரிக்கு எந்தக் கரை, எப்போது இறங்கலாம் என்ற கணக்கு இருந்த ஊர்கள் உண்டு. அந்த வழக்கத்தைப் பொற்காலம் என்று நாம் பாடப்போவதில்லை. ஆனாலும் விராலும் குரவையும் கெளுத்தியும் யாரும் விதைக்காமல் வந்தவை. யாருடைய மீன் என்று கேட்க அவற்றுக்குச் சொந்தக்காரன் இல்லை.

1957 ஜூலை 10-ல் கட்டாக்கில் ஹீராலால் சவுத்ரி கெண்டை மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்தார். பெரிய சாதனை. அந்த நாளைத்தான் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்குப் பிறகு கட்லா, ரோகு குஞ்சுகள் பண்ணையிலிருந்து கண்மாய்க்கு வந்தன. குஞ்சு விட்டவுடன் கண்மாய்க்கு மீன் பாசி குத்தகை வந்தது, ஏலம் வந்தது, முன்பணம் கட்டுகிறவன் வந்தான். நிலமில்லாதவனிடம் முன்பணம் ஏது? ஏலத்தில் வாய் திறந்து தொகை சொல்ல நம் ஆட்களுக்கு எத்தனை ஊரில் தைரியம் இருந்தது? கரையில் காவல் போட்டார்கள். நேற்றுவரை ஊத்தா வைத்துக் கெளுத்தி பிடித்த சேரிப் பையன் இன்று மீன் திருடன். அவன் பிடித்தது குத்தகைக்காரன் விடாத குரவையாகவே இருந்தாலும் அடி விழுந்த பிறகுதான் மீனைப் பார்ப்பார்கள்.

1927-ல் மகாத்தில் அண்ணல் குளத்து நீரை அள்ளிக் குடித்ததைப் பேசுகிறோம். குளத்து மீனை அந்த அளவுக்குப் பேசவில்லை. 1997-ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்த விடவில்லை. தலித் ஒருவர் நாற்காலியில் உட்காருவதா என்ற சாதி வெறி முதல் காரணம். அந்த நாற்காலியோடு ஊரின் பொதுச் சொத்துகள் மேல் சொல்லும் கையெழுத்தும் சேர்ந்து வருகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பண்ணை மீனை விற்க ரசீது வேண்டும், உரிமம் வேண்டும், குஞ்சு எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும் என்றெல்லாம் விதி போடுவதில் நமக்கு மறுப்பில்லை. குத்தகைதாரர் விட்ட கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அவர் உரிமை கொண்டாடட்டும். ஆனால் அவர் விடாத நாட்டு மீனைத் தூண்டிலிலும் ஊத்தாவிலும் வீட்டுத் தேவைக்குப் பிடிக்கும் உரிமை ஊரில் நிலமில்லாத குடும்பங்களுக்கு உண்டு என்று ஒவ்வொரு குத்தகைப் பத்திரத்திலும் எழுதப்பட வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும் தோழர்கள், குத்தகைப் பத்திரத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.