ஒரே தோட்டம், இரண்டு முதுமை

கெடாவில் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்திலோ பாடாங் செராய் விக்டோரியா தோட்டத்திலோ வளர்ந்தவர்களுக்கு இந்த இருவரையும் நன்றாகத் தெரியும். ஒருவர் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மற்றவர் அதே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த பால்மரத் தொழிலாளி. ஒரே கோயில், ஒரே கடை, ஒரே செம்மண் சாலை. வேலையை விட்டு இறங்கும் நாளில்தான் இருவருக்கும் வழி பிரிகிறது. "கவர்மெண்டு வேலைக்குப் போயிரு" என்று லயத்துத் தாய்மார் பிள்ளைகளை நெருக்கியதற்குச் சம்பளத்தைவிடப் பென்ஷன்தான் பெரிய காரணம்.

ஆசிரியரின் கணக்கு எளிது. 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்படி, கடைசியாக வாங்கிய சம்பளத்தை வேலை செய்த மாதங்களால் பெருக்கி 600ஆல் வகுக்கிறார்கள். 360 மாதம்தான் உச்ச வரம்பு. 30 ஆண்டு பணியாற்றி 6,000 ரிங்கிட் சம்பளத்தில் ஓய்வு பெறுபவருக்கு மாதம் 3,600 ரிங்கிட் வரும். பணிக்கொடையாக 162,000 ரிங்கிட் தனியே கிடைக்கும். அவர் காலமானால் ஓய்வூதியம் மனைவிக்குத் தொடர்கிறது. 25 ஆண்டுக்குக் குறையாமல் உழைத்த கடைநிலை ஊழியருக்குக்கூட மாதம் 1,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது விதி.

தொழிலாளியின் கணக்கு அப்படியல்ல. 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதியில் முதலில் தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் கட்டினார்கள். இன்று 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு அது 11ம் 13ம் ஆகியிருக்கிறது. கேட்பதற்கு நல்ல விகிதம்தான். ஆனால் எதன்மீது இந்த விழுக்காடு என்பதைப் பார்க்க வேண்டும். தொழிலாளி விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போகிறார். மழை பெய்து பட்டை ஈரமாகிவிட்டால் பால் வெட்டிய கோட்டில் நில்லாமல் வழிந்து மங்குக்கு வராமலே போகும். அன்று மரம் வெட்ட முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிரும் காலத்தில் பால் வற்றும். நாட்கூலி முறை நடந்த நெடுங்காலம் முழுக்க, கூலி குறைந்த ஒவ்வொரு மாதமும் சேமநிதியில் விழும் தொகையும் குறைந்தது. ஆசிரியரின் ஓய்வூதியம் அவர் வாங்கிய கடைசிச் சம்பளத்தையும் பணிக்காலத்தையும் மட்டும் பார்க்கிறது. தொழிலாளியின் சேமநிதியிலோ அவருடைய ஒவ்வொரு மழைநாளும் பதிவாகியிருக்கிறது. இந்த வேறுபாட்டை நம் மேடைகளில் யாரும் போதுமான அளவு பேசியதில்லை.

இன்றைய குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட்டையே எடுத்துக்கொள்வோம். இரு தரப்பும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 408 ரிங்கிட் கட்டுகிறார்கள். 55 வயதில் 240,000 ரிங்கிட் இருந்தால் மாதம் 1,000 வீதம் 20 ஆண்டு ஓட்டலாம் என்று சேமநிதி வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. லாப ஈவைச் சேர்க்காமல் பார்த்தால் அந்தத் தொகைக்கு 49 ஆண்டு உழைக்க வேண்டும். ஈவு அந்தக் காலத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் 1,700 என்பது 2025இல் வந்த ஊதியம். இன்று ஓய்வு பெறுபவர் தம் இளமையில் அதில் சிறு பங்கைத்தான் பார்த்தார்.

சேர்ந்த பணமும் கையில் நிற்பதில்லை. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு மலிவு விலை வீடு, மகளின் கல்யாணம் என்று செலவு வந்து நிற்கும்போது, மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் வசதி சேமநிதியில் இருந்தும் அவரால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. இதை ஊதாரித்தனம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூரைக்குச் செலவழிப்பது ஊதாரித்தனமா?

மருத்துவத்தில் வேறுபாடு சட்டென்று கண்ணில் படாது. அரசு கிளினிக்கில் மலேசியர் யார் போனாலும் ஒரு ரிங்கிட்டுக்கு மேல் இல்லை, நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட்தான். இந்த ஏற்பாட்டுக்காக மலேசியா பெருமைப்படலாம். சிக்கல் அதற்கு மேலே தொடங்குகிறது. இதயக் குழாய்க்கு ஸ்டென்ட், தேய்ந்த முழங்காலுக்குச் செயற்கை மூட்டு என்று வரும்போது ஆசிரியர் பொதுச் சேவைத் துறையிடம் செலவைக் கோரலாம். மருத்துவமனையில் இல்லாத மருந்துக்கும் அப்படியே. 40 ஆண்டு மேட்டுக்காட்டில் ஏறி இறங்கிய முழங்காலுக்கு அந்த உரிமை இல்லை. குறைந்த வருமானத்தினருக்காக 2019இல் வந்த பெக்கா பி40 திட்டம் மருத்துவக் கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அரசின் உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், மருத்துவமனை விண்ணப்பிக்க வேண்டும், ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். கோலா கெட்டில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குப் போய்வர வண்டி தேடும் முதியவருக்கு ஒவ்வொரு படியும் சுமைதான்.

இன்னொன்றும் உண்டு. ஓய்வு பெற்ற அதிகாரி அமினா அகமதும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், ஓய்வூதிய உயர்வு முறையை மாற்றிய 2013ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லாது என்று 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. ஓய்வூதியத்தைப் பாதகமாக மாற்றக் கூடாது என்று அரசியலமைப்பின் 147ஆவது பிரிவு காப்புத் தருகிறது. தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கு அப்படியொரு பிரிவு எங்கும் எழுதப்படவில்லை.

2024 பிப்ரவரி முதல் நிலைமை மாறிவிட்டது. புதிதாக அரசுப் பணியில் சேர்பவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. அவர்களுக்கும் சேமநிதியும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புத் திட்டமும்தான். ஓய்வூதியச் செலவு ஆண்டுக்கு 30 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்ட நிலையில் அரசின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் மேலே இருந்தவரைக் கீழே இறக்கித்தான் இருவரையும் சமமாக்கியிருக்கிறார்கள். தொழிலாளியை ஒரு படிகூட ஏற்றவில்லை. நீண்ட நாள் வாழ்ந்தால் பணம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்தை லயத்து வீடு மட்டுமே சுமந்தது; இனி இளம் ஆசிரியரும் சுமப்பார்.

இதுவரை அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் அரசு ஊழியருக்காகவும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகவும் தனித்தனியே வாதாடி வந்தன. ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் ஒரு தொகை, ஸ்டென்ட்டுக்கும் மூட்டுக்கும் கைப்பணம் கேட்காத சிகிச்சை ஆகிய இரண்டையும் இரு சங்கங்களும் இப்போது ஒரே மேசையில் கேட்க வேண்டும். ஏற்கெனவே 60ஐக் கடந்துவிட்ட தோட்டத்து மக்களிடமிருந்து அதைத் தொடங்க வேண்டும்.