அடைக்கலமும் ஆறுதலும்: அடிபட்ட பெண்கள் மீண்டு வந்த வரலாறு

"அடிக்கிற புருஷனை விட்டுட்டு வந்திருக்கலாமே, ஏன் வரலை?"

இந்தக் கேள்வியை நாம் எல்லோரும் எங்காவது கேட்டிருப்போம். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எங்கே வருவது, வந்தால் யார் சோறு போடுவார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்று யாரும் அதோடு சேர்த்து யோசிப்பதில்லை. இதற்குப் பதில் தேடியவர்களின் வரலாறு நாம் நினைப்பதை விட மிகவும் சமீபத்தியது. வெறும் 50 ஆண்டுகள்தான்! அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

லண்டனில் ஒரு பாழடைந்த வீடு

1971-ஆம் ஆண்டு லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி என்ற பெண்மணியும் அவருடைய தோழிகளும் நகராட்சியிடமிருந்து ஒரு பாழடைந்த வீட்டை வாங்கி, பெண்கள் கூடிப் பேசும் இடமாகத் திறந்தார்கள். அடைக்கலம் கொடுப்பது அவர்கள் திட்டத்திலேயே இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் தாய்மார்கள் நான்கு பேரைப் பார்த்துப் பேசட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் உடம்பில் காயங்களோடு பெண்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் இரவில் திரும்பிப் போக மறுத்தார்கள். பேசுவதற்காகத் திறந்த வீடு, தங்கும் வீடாக மாறிவிட்டது.

பின்னர் கிடைத்த பெரிய வீட்டில் 36 பேர் மட்டுமே தங்கலாம் என்று அதிகாரிகள் வரம்பு வைத்தார்கள். அங்கே இருந்ததோ அதைப் போல இரு மடங்கு! பிஸ்ஸி மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. கதவைத் தட்டியவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதே அவர் நிலை. இதற்குள் இங்கிலாந்தின் மற்ற ஊர்களிலும் இப்படிப்பட்ட இல்லங்கள் தோன்றி, 1974-இல் ஒரு தேசியக் கூட்டமைப்பே உருவாகிவிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் பால் நகரிலும் ஒரு இல்லம் திறக்கப்பட்டது. அதை நடத்திய பெண்கள் முதலில் ஆரம்பித்தது ஒரு தொலைபேசி உதவி எண் மட்டும்தான். உதவி கேட்டு அழைத்தவர்களை அனுப்பி வைக்க ஊரில் இடமே இல்லை என்று தெரிந்த பிறகு, சொந்தமாக ஒரு வீடு பிடித்தார்கள்.

1977-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டம், வீட்டில் இருந்தால் அடி விழும் என்ற நிலையில் உள்ளவரையும் "வீடற்றவர்" என்று ஏற்றுக் கொண்டது. கூரை இருந்தாலே அது வீடாகிவிடாது என்பதைச் சட்டமே சொன்னது பெரிய விஷயம் அல்லவா?

மருத்துவம் என்ன செய்தது?

இங்கேதான் வருத்தமான பகுதி வருகிறது. 1964-இல் ஒரு பெயர் பெற்ற அமெரிக்க மனநல மருத்துவ இதழில், மனைவியை அடித்த கணவர்களைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அது ஆராய்ந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? மனைவியை! அவள் அதிகாரம் செய்பவள், அடி வாங்குவதில் அவளுக்கே உள்ளூர ஒரு தேவை இருக்கிறது என்ற ரீதியில் போனது அந்தக் கட்டுரை. சிகிச்சைக்குப் போன பெண்ணிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும் மருத்துவம்தான் அப்போது இருந்தது.

மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. 1979-இல் உளவியலாளர் லெனோர் வாக்கர், பல பெண்களிடம் பேசி, வன்முறை ஒரு சுழற்சியாக நடக்கிறது என்று எழுதினார். முதலில் புகைச்சல், பிறகு அடி, அதன் பிறகு மன்னிப்பும் கொஞ்சலும். எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தாது என்று பின்னால் விமர்சனங்கள் வந்தன. ஆனாலும் "ஏன் வரலை?" என்பதற்கு அது ஒரு பதிலைக் கொடுத்தது. மூன்றாம் கட்டத்தில் நம்பிக்கை மீண்டும் துளிர்த்து விடுகிறது.

இன்னொரு பக்கம் வியட்நாம் போர். போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பட்ட பாட்டால் 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் "பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்" என்ற நோய் இடம்பெற்றது. தூக்கத்தில் அலறுவது, சின்னச் சத்தத்துக்கும் பதறுவது, நடந்தது மறுபடி மறுபடி கண்முன் வருவது... வீட்டில் அடிபட்ட பெண்களிடமும் இதே அறிகுறிகள்! 1992-இல் ஜூடித் ஹெர்மன் என்ற மருத்துவர் இந்த இரண்டையும் ஒரே நூலில் சேர்த்து வைத்தார். மீட்சிக்கு அவர் மூன்று படிகள் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததைச் சொல்லித் துக்கப்படுவது, கடைசியில் மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மீண்டும் இணைவது.

வரிசையைக் கவனியுங்கள். பாதுகாப்புதான் முதல் படி. இன்று ராத்திரி அடி விழுமா என்று பயந்து கொண்டிருப்பவரிடம் பழைய காயத்தைக் கிளறுவதில் பயனில்லை. 1971-இல் எந்தப் பட்டமும் இல்லாமல் அந்தப் பெண்கள் ஒரு வீட்டையும், பூட்டுப் போட்ட கதவையும், ஒரே துன்பத்தைப் பட்ட தோழிகளையும் கொடுத்தார்களே, அது சிகிச்சையின் முதல் படியாகவே அமைந்திருந்தது.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்தப் போராட்டம் வரதட்சணைச் சாவுகளிலிருந்து தொடங்கியது. 1983-இல் 498ஏ பிரிவு வந்தது (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகள்). 1987-இல் டெல்லியில், மகள்களைப் பறிகொடுத்த தாய்மார்களே சேர்ந்து "சக்தி ஷாலினி" என்ற அமைப்பைத் தொடங்கி அடைக்கலம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2001-இல் சென்னையில் பிசிவிசி அமைப்பு தொடங்கியது. தீக்காயம் பட்டு உயிர் தப்பிய பெண்களோடும் அது பணியாற்றுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது மும்பையின் "தில்லாசா" மையம். 2000-த்தில் பாந்த்ராவில் உள்ள மாநகராட்சி மருத்துவமனைக்குள்ளேயே தொடங்கப்பட்டது. "தில்லாசா" என்றால் ஆறுதல். போலீசுக்குப் போகாத பெண்கூட காயத்துக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு வருவாள் அல்லவா? "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்பவளின் காயத்தைப் பார்த்துச் சந்தேகிக்க நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆலோசகர் அதே கட்டிடத்தில் இருப்பார். வீட்டுக்குத் தெரியாமல் பேசிவிட்டுப் போகலாம்.

2005-இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனரீதியான, பொருளாதாரக் கொடுமைகளையும் வன்முறை என்றது. கணவன் வீட்டிலேயே வசிக்கும் உரிமையையும் கொடுத்தது. 2015 முதல் "சகி" ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன.

இவ்வளவு இருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 100-க்கு 14 பேர்தான் உதவி தேடியிருக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சட்டம் தெரியாது என்பது மட்டும் காரணமில்லை. முதலில் சொன்ன ஆளிடமே "அனுசரிச்சுப் போம்மா" என்ற பதில் கிடைத்தால் இரண்டாவது ஆளிடம் யார் சொல்வார்கள்?

அந்த முதல் ஆள் நாமாகவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் முதல் உதவியாகச் சொல்வது எளிமையானது: குறுக்கிடாமல் கேளுங்கள், நம்புங்கள், அவள் தவறல்ல என்று சொல்லுங்கள், பாதுகாப்பாக இருக்க என்ன வழி என்று சேர்ந்து யோசியுங்கள். முடிவை அவளிடமே விடுங்கள்.

பெண்களுக்கான உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் 24 மணி நேரமும் இலவசம். மனப்பாடம் செய்து வையுங்கள். நமக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தேவைப்படலாம்.